கிரியான்சாவா, கிரான் ரெசெர்வாவா, ரிபேராவா: ஸ்பெயின் சிவப்பு ஒயினில் எந்தப் பாட்டிலை எடுப்பது?

போன வருடம் மாட்ரிட் விமான நிலையக் கடையில் நின்றுகொண்டு மச்சான் ஒரு படம் அனுப்பினார். நான்கு பாட்டில்கள், நான்கும் டெம்ப்ரனியோ திராட்சை. “ஃபிளைட்டுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கு மாப்ளே, எதை எடுக்க?” நான் யோசிக்கவே இல்லை. விலை கூடிய பாட்டிலைக் காட்டி, “பின்னாடி நீல முத்திரை இருக்குல்ல, அதை எடுங்க” என்று பதில் போட்டேன். அது ரியோஹா கிரான் ரெசெர்வா. (ரியோஹா, ரிபேரா இரண்டும் ஸ்பெயினின் ஒயின் பகுதிகள்; கிரியான்சா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்பவை ஒயினின் வயது ஏற ஏற வரும் படிகள்.) மச்சான் அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து, கோடை முழுக்கப் பரணில் வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரசாரமான மட்டன் சுக்காவோடு திறந்திருக்கிறார். “பழைய புளித்தண்ணி மாதிரி இருந்துச்சு” என்றார். அந்த விலையை அக்கா இன்னும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறாள்.

பாட்டிலைக் குறை சொல்ல முடியாது. எதையும் கேட்காமல் பதில் சொன்னது என் தப்பு. இதே குழப்பத்தோடு கடை அலமாரி முன்னால் நிற்பவர்கள் நிறையப் பேர். அதனால் அன்றைக்கு மச்சானிடம் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, எப்போது திறக்கப் போகிறீர்கள்? நல்ல சிவப்பு ஒயின் பிறக்கும்போதே சாதுவாகப் பிறப்பதில்லை. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்போடு வரும். அது அடங்கும்வரை யாராவது காத்திருந்தாக வேண்டும். காத்திருப்பது ஒயின் ஆலையா, வாங்கிய நீங்களா? ஸ்பெயின் ஒயினில் இருக்கும் பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியில் தெளிந்துவிடும்.

இரண்டாவது, வாய்க்கு என்ன வேண்டும். செர்ரி, நாவல்பழம் போன்ற புதுப்பழச் சுவை ஒரு பக்கம். காய்ந்த அத்தி, புகையிலை, பழைய தோல், மழை பட்ட மண் என்று போகும் முதிர்ந்த வாசனை இன்னொரு பக்கம். ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாங்காய் பிடித்தவருக்கு மாம்பழத்தைக் கொடுத்து, “இதுதான் பழுத்தது, சாப்பிடு” என்று வற்புறுத்துவது போன்றது அது.

மூன்றாவது, தட்டில் என்ன இருக்கிறது. நான்காவது, பாட்டில் விலைக்கு மேல் ஆகும் செலவு: வைத்திருக்கும் இடம், குளிர்ச்சி, கார்க், வீணாகும் வாய்ப்பு. கடைக்காரர் சொல்லாத கணக்கு இந்த நான்காவதுதான்.

## ஒரு திராட்சை, இரண்டு ஆறுகள்

ஸ்பானிய மொழியில் ‘தெம்ப்ரானோ’ என்றால் ‘சீக்கிரம்’. சீக்கிரம் பழுக்கும் திராட்சை என்பதால் டெம்ப்ரனியோ. ஊர் மாறினால் பேரும் மாறும். ரிபேரா டெல் துவேரோவில் டின்டோ ஃபினோ, டோரோவில் டின்டா தெ டோரோ, வால்தெபேன்யாஸில் சென்சிபெல், போர்ச்சுகலில் டின்டா ரோரிஸ். கத்தலோனியாவில் இதை முயல்கண் என்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்த பெயர்.

ரியோஹா வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கிறது. வடக்கே கந்தாப்ரியா மலைத்தொடர் அட்லாண்டிக் ஈரக்காற்றை மறித்துக்கொள்வதால் தட்பவெப்பம் ஓரளவு மிதமானது. டெம்ப்ரனியோவோடு கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் கலப்பது இங்கே பழைய வழக்கம். துவேரோ ஆற்றங்கரையான ரிபேராவோ காஸ்தீலியாவின் உயர்ந்த பீடபூமி; தோட்டங்கள் ஏறக்குறைய 700 முதல் 1,000 மீட்டர் உயரத்தில். “ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்” என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். பகலில் கொளுத்தும் வெயில், இரவில் நடுக்கம். இதில் வளரும் பழத்துக்குத் தோல் தடிக்கும், நிறம் கறுக்கும், துவர்ப்பு ஏறும், இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றிவிடும்.

ரியோஹாவின் பொறுமைக்குப் பின்னால் ஒரு பூச்சி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தபோது, அந்நாட்டின் பேர்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவின் வியாபாரிகள் மலையைத் தாண்டி ஒயின் தேடி வந்தார்கள். 1852இல் மார்கேஸ் தெ முரியெத்தாவும் 1858இல் மார்கேஸ் தெ ரிஸ்காலும் தொடங்கியிருந்த போர்தோ பாணி பீப்பாய் முறை, இந்தக் கூட்டம் வந்தபிறகு ஊரெங்கும் பரவியது. ஆரோ என்ற ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டியே ஆலைகள் முளைத்தன: 1877இல் லோபெஸ் தெ எரேதியா, 1879இல் குனே, 1890இல் லா ரியோஹா அல்தா. சரக்கை நேராக ரயிலில் ஏற்றத்தான். இன்றைக்கும் அந்தப் பேட்டையின் பெயர் ‘ஸ்டேஷன் பேட்டை’.

முறை பிரான்ஸுடையது, 225 லிட்டர் பீப்பாயும் பிரான்ஸுடையதுதான். ஆனால் மரத்தை மட்டும் அமெரிக்காவிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்க ஓக் வெண்ணிலா, தேங்காய், சதகுப்பை வாசனை தரும். பழைய பாணி ரியோஹாவை மோந்ததும் “எங்கேயோ தேங்காய்ப்பால் வாசம் வருதே” என்று உங்களுக்குத் தோன்றினால் அது கற்பனை இல்லை.

பீப்பாய்க்குள் நடப்பது இதுதான். மரத்தின் வழியே காற்று மிக மெல்லக் கசிகிறது. துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் வண்டலாகப் படிகின்றன. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெளிவை மட்டும் இன்னொரு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். சில பழைய ஆலைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து, கலங்கல் வரத் தொடங்கியதும் நிறுத்துவார்கள். ஊதா நிறம் மெல்லச் செங்கல் நிறமாகும். கடுக்காயைக் கடித்த மாதிரி இருந்த வாய், பட்டுத்துணியைத் தொட்ட மாதிரி ஆகும்.

## பக்கத்தில் பக்கமாக

| | ரியோஹா கிரியான்சா | ரியோஹா ரெசெர்வா | ரியோஹா கிரான் ரெசெர்வா | ரிபேரா ரெசெர்வா |
|---|---|---|---|---|
| விற்பனைக்கு முன் குறைந்தபட்ச வயது | 2 ஆண்டு | 3 ஆண்டு | 5 ஆண்டு | 3 ஆண்டு |
| அதில் ஓக் பீப்பாயில் | 1 ஆண்டு | 1 ஆண்டு | 2 ஆண்டு | 1 ஆண்டு |
| பாட்டிலில் கட்டாயக் காலம் | தனியாக இல்லை | 6 மாதம் | 2 ஆண்டு | தனியாக இல்லை |
| முத்திரை நிறம் | சிவப்பு | அடர் அரக்கு | நீலம் | வேறு முறை |
| வாயில் | பழம், லேசான மரவாசம் | பழமும் முதுமையும் பாதிப்பாதி | காய்ந்த பழம், தோல், புகையிலை | கரும்பழம், கனம், துவர்ப்பு |
| காத்திருப்பது | யாரும் அதிகமில்லை | பெரும்பாலும் ஆலை | ஆலை | பாதி ஆலை, பாதி நீங்கள் |
| மறைசெலவு | அநேகமாக இல்லை | குறைவு | கார்க், வண்டல், அன்றே காலி செய்தல் | குளிர்ந்த இடம், டிகேன்டர் (ஒயினைக் காற்றாட ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவை), ஆண்டுகள் |

கிரியான்சாவுக்கும் ரெசெர்வாவுக்கும் பீப்பாய்க் காலம் சட்டப்படி ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ரெசெர்வாவுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மரத்துக்கு இல்லை. கூடுதல் நேரத்துக்கும், பொதுவாக ஆலை அதற்கென ஒதுக்கிவைக்கும் நல்ல பழத்துக்கும்தான்.

## ரியோஹா கிரியான்சா

இதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அதுதான் இதன் பெருமை. லோக்ரோன்யோ நகரில் காயே லாவுரெல் என்ற சந்து முழுக்கச் சின்னச் சின்ன பார்கள். பூண்டு போட்டு வாட்டிய காளானை ரொட்டித்துண்டின் மேல் குத்தித் தருவார்கள், பக்கத்தில் ஒரு கிளாஸ் கிரியான்சா. ஸ்பெயின் கடைகளில் 10 யூரோவுக்குள்ளேயே ஒழுங்கான பாட்டில் கிடைக்கும். இன்றே திறக்கலாம். மிச்சமிருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்கும் குடிக்கலாம். கூட்டம் வரும் வீட்டுக்கும், காரம் தூக்கலான சமையலுக்கும், முதல்முறை ருசி பார்ப்பவருக்கும் இதுவே சரி. மட்டன் சுக்காவுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் லேசாகக் குளிர வைத்து.

ஒரே எச்சரிக்கை, மலிவானவற்றில் சில வெறும் வெண்ணிலா எசன்ஸ் மாதிரி இருக்கும். அது பழத்தின் குறை. மரத்தால் மூடி மறைத்திருக்கிறார்கள்.

## ரியோஹா ரெசெர்வா

எனக்கு ஒரே ஒரு பாட்டில்தான் என்றால் நான் கை வைப்பது இங்கேதான். பழம் இன்னும் போகவில்லை, முதுமை வாசலில் வந்து நிற்கிறது. லா ரியோஹா அல்தாவின் வீன்யா அர்தான்சா போன்றவை, டெம்ப்ரனியோவோடு கர்னாச்சா சேர்ந்தவை, சட்டம் கேட்பதைவிட நீண்ட காலம் ஆலையிலேயே இருந்துவிட்டு வருகின்றன. பரிசாகக் கொடுக்கவும் பயமில்லை: வாங்கியவர் இந்த வாரம் திறந்தாலும் நன்றாக இருக்கும், குளிர்ந்த ஊரில் ஐந்து வருடம் மறந்து வைத்திருந்தாலும் பெரும்பாலும் தாங்கும்.

## ரியோஹா கிரான் ரெசெர்வா

ஓர் ஆலை தன் சரக்கை ஐந்து வருடமாவது விற்காமல் பூட்டி வைக்கிறது என்றால், வியாபாரம் செய்பவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். முடங்கிய முதல், அடைந்து கிடக்கும் இடம், ஆவியாகிப் போகும் பங்கு. ஐந்து என்பதே குறைந்தபட்சம்தான். லோபெஸ் தெ எரேதியாவின் வீன்யா தொண்டோனியா கிரான் ரெசெர்வா பீப்பாயில் மட்டுமே 10 ஆண்டளவில் கிடக்கும்; அவர்களுடைய ரெசெர்வாவே கடைக்கு வரும்போது அறுவடை முடிந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். இத்தனை வருடக் காத்திருப்பையும் சேர்த்து வாங்குகிறோம் என்று பார்த்தால், பல கிரான் ரெசெர்வாக்களின் விலை அநியாயம் என்று சொல்ல முடியாது. இதே வயதுள்ள நல்ல போர்தோவைத் தேடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். உங்கள் வீட்டில் நிலவறை இல்லை, ஆனால் முதிர்ந்த ஒயின் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை என்றால், உலகத்திலேயே சுலபமான வழி இதுதான்.

பல ஆலைகள் இதை நல்ல வருடங்களில் மட்டுமே செய்யும். ரியோஹாவின் ஒழுங்குமுறைக் குழு 2001, 2004, 2005, 2010, 2011 ஆகிய அறுவடைகளை ‘மிகச் சிறந்தது’ என்று தரப்படுத்தியது. குனேயின் இம்பீரியல் கிரான் ரெசெர்வா 2004, அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் 2013ஆம் வருடப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முரியெத்தாவின் காஸ்தியோ இகாய் 2010, அதே இடத்தை 2020இல் பிடித்தது. பரிசு வந்ததும் விலை எகிறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதே ஆலையின் பக்கத்து வருடம் பல சமயம் நல்ல பேரம்.

இனி, கூட வரும் செலவுகள். பழைய கார்க் பொடிந்து போகும். சாதாரணத் திருகாணி பாதியில் கையை விடும். இரண்டு தகடுள்ள திறப்பான் இருந்தால் நல்லது. வண்டல் இருக்கும், எனவே முதல்நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, நிதானமாக ஊற்ற வேண்டும். ரொம்பப் பழையதை மணிக்கணக்கில் காற்றாட விட்டால் வாசனையே ஓடிவிடும். திறந்த அன்றே முடிக்க வேண்டும், அடுத்த நாள் அது வெறும் ஞாபகம். கார்க் கெட்டுப்போய் ஈரச்சாக்கு நாற்றம் அடிக்கும் பாட்டிலும் நடுவில் வரும். 10 யூரோ பாட்டிலில் அப்படி நடந்தால் சிரித்துவிட்டுக் கொட்டலாம், இதில் சிரிப்பு வராது.

காரம் இதன் முதல் எதிரி. மிளகாய் எரிச்சலுக்கு முன்னால் புகையிலையும் அத்தியும் எங்கே தெரியும்? மிச்சமாகத் தெரிவது புளிப்பு மட்டும். மச்சான் சொன்ன ‘புளித்தண்ணி’ பாதி இதனால். மீதி, 35 டிகிரியில் வெந்துபோன பரணால். உப்பு மட்டும் தடவிச் சுட்ட ஆட்டுக்கறி, காளான், பழைய பாலாடைக்கட்டி ஆகியவற்றோடுதான் இது வாய் திறந்து பேசும்.

அப்புறம் அந்தத் தங்கக் கம்பிவலை. பாட்டிலைத் திறந்து மலிவுச் சரக்கை நிரப்பும் கள்ளத்தனத்தைத் தடுக்க மார்கேஸ் தெ ரிஸ்கால் ஆலை கொண்டுவந்த யோசனை அது. இப்போது வெறும் அலங்காரம். வலை போட்டிருப்பதாலேயே ஒரு ஒயின் நல்லதாகிவிடாது.

## ரிபேரா டெல் துவேரோ ரெசெர்வா

வேகா சிசிலியா ஆலை 1864இலேயே தொடங்கியது. ஆனால் ரிபேராவுக்கு அதிகாரபூர்வப் பெயர்ப்பாதுகாப்பு கிடைத்தது 1982இல்தான். இடைப்பட்ட நூறு ஆண்டுக்கு மேல், வெளியுலகத்துக்கு இந்தப் பகுதி என்றாலே கிட்டத்தட்ட அந்த ஒரு ஆலைதான். அதன் ‘உனிகோ’ ஏறக்குறைய 10 ஆண்டு ஆலையிலேயே வளர்ந்து வரும். விலை நூற்றுக்கணக்கான யூரோ. 1972இல் அலெஹாந்த்ரோ ஃபெர்னாந்தெஸ் பெஸ்கேரா ஆலையையும், 1995இல் டென்மார்க்காரரான பீட்டர் சிசெக் பிங்குஸையும் தொடங்கியபிறகு உலகம் இந்தப் பக்கம் திரும்பியது.

நீங்களும் நானும் வாங்கக்கூடிய ரிபேரா ரெசெர்வாவின் குணம் வேறு. மூன்று வயதில் கடைக்கு வந்துவிடும், ஆனால் தோலில் இருந்த அவ்வளவு துவர்ப்பும் அதற்குள் அடங்கியிருக்காது. மிச்சக் காத்திருப்பு உங்கள் தலையில். ஆல்கஹால் 14, 15 சதவீதம் வரை போவது சாதாரணம்; காரத்தோடு சேர்ந்தால் தொண்டை எரியும். அராந்தா தெ துவேரோவில் பால்குடி ஆட்டுக்குட்டியை மண்சட்டியில் வைத்து விறகடுப்பில் சுட்டுத் தருவார்கள். அந்தக் கொழுப்பு, துவர்ப்பை அப்படியே வழித்து எடுத்துவிடும்; இந்த ஒயின் இப்படி வளர்ந்தது ஏன் என்று அங்கே ஒரு வாய் சாப்பிட்டால் புரியும்.

இதன் மறைசெலவு வருடங்கள். 12 முதல் 14 டிகிரியில், இருட்டில், அசையாமல் வைக்க இடம் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒயினுக்கென்றே தனிக் குளிர்ப்பெட்டி வாங்கி, வருடக்கணக்கில் கரண்ட் பில் கட்டி ஒரு ரிபேராவை வளர்ப்பதைவிட, ஆலையே வளர்த்துவிட்ட ஒரு கிரான் ரெசெர்வாவை வாங்குவது மலிவு. லண்டனிலோ டொரோன்டோவிலோ குளிர்ந்த பேஸ்மென்ட் உள்ளவருக்குக் கணக்கு தலைகீழ்: ஆறு பாட்டில் ரிபேரா வாங்கி வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பாருங்கள். இன்றைக்கே குடிக்க வேண்டுமானால் இரண்டு மணி நேரம் முன்னால் டிகேன்டரில் ஊற்றி வையுங்கள். ‘ரோப்ளே’ என்று போட்ட ரிபேரா, சில மாதம் மட்டும் ஓக்கில் இருந்தது; வார நாளுக்குப் போதும்.

## வயதே எழுதாத பாட்டில்

மேலே சொன்ன எல்லாமே காலத்தை அளக்கும் முத்திரைகள். தரத்தை அளப்பவை அல்ல. இதில் எரிச்சல்பட்ட சில நல்ல ஆலைகள் இந்த வார்த்தைகளையே தவிர்க்கின்றன. அர்தாதி 2015 இறுதியில் ரியோஹா அமைப்பையே விட்டு வெளியேறியது. 2017இல் ‘வீன்யேதோ சிங்குலார்’ என்று தனித்தோட்டப் பிரிவு ஒன்று வந்தது: 35 ஆண்டுக்கு மேற்பட்ட கொடி, கையால் அறுவடை. எனவே வயது எழுதாத பாட்டிலுக்குரிய பச்சை முத்திரை போட்ட ரியோஹா, விலை மட்டும் எக்கச்சக்கம் என்றால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். எதிர்ப்பக்கம், வால்தெபேன்யாஸ் கிரான் ரெசெர்வா கிரியான்சா விலைக்கே கிடைக்கும். சில ஆச்சரியப்படுத்தும், சில வெறும் பழசு. ஒன்றை வாங்கிப் பார்ப்பதில் பெரிய நஷ்டமில்லை.

## எந்த வீட்டுக்கு எது

இந்த வாரம், காரச் சாப்பாடு, நாலைந்து பேர்: கிரியான்சா இரண்டு. பரிசு, எப்போது திறப்பார் என்று தெரியாது: ரெசெர்வா. இரண்டே பேர், அமைதியான இரவு, காரமில்லாத தட்டு, முதிர்ந்த ஒயின்மேல் ஆசை: கிரான் ரெசெர்வா, வாங்கிய சில வாரத்துக்குள். குழந்தை பிறந்த வருட ஒயினை அது வளரும்வரை வைத்திருக்க ஆசை, இடமும் இருக்கிறது: ரிபேரா, அல்லது தொண்டோனியா மாதிரி பழைய பாணி ஆலையின் பாட்டில்.

சூடான ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்பதில் அறை ஐரோப்பியக் கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் வீட்டில் திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். சில மாதம் வைப்பதாக இருந்தாலும் பரணைவிட ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டு எவ்வளவோ மேல்.

மச்சான் அடுத்த மாதம் வேலையாக பில்பாவோ போகிறார். இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவர ஒருவருக்கு 2 லிட்டர்தான் அனுமதி, ஆக இரண்டு பாட்டில். ஒரு ரெசெர்வா, ஒரு கிரியான்சா என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிரான் ரெசெர்வாவை அங்கேயே, சுட்ட ஆட்டுக்கறியோடு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். பரண் ஏணியை எடுத்து ஒளித்துவைக்கும்படி அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது.